பூட்டிய டேங்கில் தண்ணீர்

டர்போவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தீரும்வரை இருப்புக்கொள்ளாது. அன்றைக்கு அவர் சந்தேகப்பட்டது மனைவியின் தம்பியை. அதையாவது வீட்டில் வைத்துக் கேட்டிருக்கலாம். லாரிகள் நிற்கிற மைதானத்தின் தேநீர்க் கடை முன்னால், நாலு பேர் பார்க்க, மச்சானுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அவன் அக்காவும் பக்கத்தில் நிற்க, வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டார்.

“யூரியாவ வித்துட்டு பைப்புத் தண்ணிய ஊத்தி வச்சிருக்கியாடா?”

மச்சான் கையில் டம்ளரோடு அப்படியே நின்றான். “என்ன மாமா பேசுறீங்க?”

“நான் பேசல. கம்ப்யூட்டர் பேசுது. யூரியாவுல தண்ணி கலந்திருக்குன்னு எழுதிக் காட்டுது. மேட்டுல ஏறும்போது வண்டி நடக்க மாட்டேன்னு நின்னுச்சே, அது எதனால? டேங்க நிரப்புறது யாரு? நீதானே?”

டர்போ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்த மைதானத்துக்கு முதன்முதலில் டர்போ வைத்த லாரியை ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று அகப்பட்டவனையெல்லாம் பிடித்து உட்காரவைத்து விளக்கியதில், எல்லாரும் சேர்ந்து அந்தப் பெயரை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். இப்போது சொந்தமாக ஒரு புது லாரி இருக்கிறது. அதைத் தூர ஓட்டத்துக்கு மச்சானும், உள்ளூர் ஓட்டத்துக்கு அவருமாக ஓட்டி வந்தார்கள்.

புது லாரியில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு டேங்க் இருக்கும். அதில் யூரியாக் கரைசல். என்ஜினிலிருந்து வரும் புகையில் கண்ணுக்குத் தெரியாத நச்சு ஒன்று உண்டு. சைலன்சருக்குப் போகும் வழியில் அதன்மேல் இந்தக் கரைசலைப் பீச்சினால் அது கெடுதல் இல்லாத காற்றாக மாறிவிடும். கரைசலில் தண்ணீர் கூடிவிட்டால் மாறாது. லாரியின் கம்ப்யூட்டர் அதைச் சும்மா விடாது. முதலில் விளக்கைப் போட்டு மிரட்டும், அப்புறம் இழுவையைக் குறைக்கும், அதற்கும் மசியாவிட்டால் மாட்டு வண்டி வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்த மைதானத்தில் ஒன்றிரண்டு பேர் யூரியாவை வெளியே விற்றுவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பிடிபட்டவர்கள்தான். அதனால் டர்போ சொன்னது கேட்டவர்களுக்கு நம்பும்படியாகவே இருந்தது.

மச்சான் கத்தவில்லை. சத்தியம் செய்யவில்லை. வண்டிச் சாவியை எடுத்து பெஞ்சின்மேல் மெதுவாக வைத்துவிட்டு நடந்தான். விட்டெறிந்திருந்தால் டர்போவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று வீட்டில் அவர் மனைவி தட்டை வைத்தாள், சாப்பாட்டைப் போட்டாள், எதிரே உட்கார்ந்தாள்.

“அவன் செஞ்சிருந்தா நானே அவன வீட்டுப் பக்கம் சேர்க்க மாட்டேன். செய்யலைன்னா?”

“கம்ப்யூட்டரு...”

“கம்ப்யூட்டர விடுங்க. அவன் செய்யலைன்னா நீங்க என்ன செய்வீங்க, அதச் சொல்லுங்க.”

டர்போ சாதத்தைப் பிசைந்தார். “நிரூபிச்சுக் காட்டுறேன், பாரு.”

“காட்டுங்க. வாரக் கடைசியில அவன் கிளம்புறான். வெளியூர்ல ஒரு ஓனர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காராம். திருடன்னு பேர் வாங்கிட்டு அவன் இந்த ஊர்ல இருக்க மாட்டான். அதுக்குள்ள காட்டுங்க. அதுவரைக்கும் வண்டிப் பேச்ச என்கிட்ட எடுக்காதீங்க.”

இது பெரிய தண்டனை. டர்போவுக்கு வண்டிப் பேச்சைத் தவிர வேறு பேச்சு தெரியாது.

அவர் முதலில் ஓட்டிய லாரியின் என்ஜினில் ஒளிவுமறைவு கிடையாது. பம்பு டீசலைத் தள்ளும், நாசில் பீச்சும், உள்ளே வெடிக்கும், வண்டி போகும். ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்றால் பம்பில் இருக்கும் திருகை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் திருப்பினால் போதும். டீசல் கூடும், இழுவை கூடும், பின்னால் வருகிறவன் முகமும் கறுத்துப்போகும். கரும்புகை விடாத லாரியை அன்றைக்கு ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். பிறகு டர்போ வந்தது. வீணாகப் போகிற புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, அதனால் காற்றை என்ஜினுக்குள் திணித்தார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்து, எப்போது எவ்வளவு டீசல் என்பதைத் தானே முடிவு செய்தது. திருகு போயே போய்விட்டது. அதற்குப் பிறகு, எரிகிற சூட்டைத் தணிக்கப் புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி ஊட்டினார்கள். கரியைப் பிடிக்க வடிகட்டி வைத்தார்கள், அது நிறைந்தால் சூடேறித் தன் கரியைத் தானே எரித்துக்கொண்டது. கடைசியில் இந்த யூரியா.

மற்ற டிரைவர்கள் ஒவ்வொன்று வரும்போதும் தலையிலடித்துக்கொண்டார்கள். டர்போ மட்டும் ஒவ்வொன்று வரும்போதும் புதுப் பொம்மை கிடைத்த பிள்ளையாக இருந்தார். இந்த லாரி வந்த அன்று, ஓடுகிற என்ஜினின் சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அன்று முழுக்க அதை எல்லாருக்கும் விரித்துக் காட்டினார், பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் சேர்த்து.

என்ஜின்தான் மாறியது, அவருடைய காலைப் பழக்கம் மாறவில்லை. லாரி வீட்டு வாசலில்தான் நிற்கும். விடிந்ததும் சுற்றி வருவார், டயரைத் தட்டுவார், ஆயில் பார்ப்பார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டுவார், கண்ணாடி துடைப்பார், பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார். யார் ஓட்டப் போனாலும் வண்டியைத் தயார் செய்து அனுப்புவது அவர்தான். இதில் மச்சானைக் கைவைக்க விட்டதே இல்லை.

நிரூபிக்கக் கிளம்பியவர் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அங்கே லேப்டாப்போடு ஒரு பெண் இருந்தாள். லாரியில் வயரைச் சொருகி நோயைச் சொல்வதால் அவளை எல்லாரும் டாக்டரம்மா என்றார்கள். யூரியாவை அளக்கிற கண்ணாடி ஒன்று அவளிடம் இருந்தது. விரல் நீளக் குழல். ஒரு முனையில் ஒரு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி மறுமுனையில் கண்ணை வைத்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு தெரியும். நல்ல கரைசல் என்றால் கோடு குறியில் நிற்கும். தண்ணீர் கலந்தால் கீழே இறங்கும்.

“என்ன அண்ணா, போலீஸ் வேலை ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் அதைக் கொடுத்தாள்.

டர்போ டேங்கைச் சுத்தமாக வடித்தார். சீல் உடைக்காத புது கேனைத் திறந்து ஒரு சொட்டுப் பார்த்தார். கோடு அணுவளவும் பிசகாமல் குறியில் நின்றது. டேங்கை நிரப்பினார். மூடிக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார், சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்தினார். இனி வண்டியை அவரே ஓட்டுவார். கோடு குறியிலேயே நின்றால் மச்சான் மாட்டினான்.

கோடு இறங்கியது.

மறுநாள் இன்னும் இறங்கியது. மச்சானிடம் மாற்றுச் சாவி இருக்குமோ? டயர்க் கடைக்கு மேலே ஒரு நண்பனின் அறையில்தான் மச்சான் தங்கியிருந்தான். டயர்க் கடைக்காரரிடம் போய், டயர் விலை விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்.

“உங்க மச்சானா? படி இறங்குனாத்தானே! வந்ததுலேர்ந்து சுவரப் பார்த்துப் படுத்திருக்கான்,” என்றார் அவர். “நீங்க என்ன, டயர் வாங்க வந்தீங்களா, வேவு பார்க்க வந்தீங்களா?”

கேனிலேயே கோளாறோ? மிச்சமிருந்த கேனில் மறுபடி சொட்டு எடுத்துப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்கிறதோ? கண்ணாடிக் குழலுக்குக் கம்ப்யூட்டர் ஏது! பூட்டிய டேங்குக்குள் தண்ணீர் போகிறது, அவ்வளவுதான் உண்மை.

இந்த இடத்தில் வேறு யாராவதாக இருந்தால் மந்திரவாதியைத் தேடியிருப்பார்கள். டர்போவுக்கோ உள்ளுக்குள் குறுகுறுவென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. திருடனைப் பிடிக்க வந்ததே மறந்துபோனது. தண்ணீர் எப்படிப் போகிறது என்று தெரிந்தாக வேண்டும், அதுதான் இப்போது அவருக்குச் சாப்பாடு தூக்கம் எல்லாம். சாயங்காலம் ஓட்டம் முடிந்து வண்டியை வாசலில் நிறுத்தியதும், சுத்தமான கம்பி ஒன்றை டேங்குக்குள் விட்டு நனைந்த இடத்தில் கோடு கீறினார். பூட்டினார். விடிந்ததும் மறுபடி விட்டுப் பார்த்தார்.

நனைந்த இடம் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது.

செலவாகிற டேங்க் தானாக நிறைகிறது! இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கம்பியோடு சமையலறை வாசலுக்கு ஓடினார்.

“வண்டிப் பேச்சா?” என்றாள் மனைவி, திரும்பாமலே.

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார்.

அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்துத் தரையில் விரித்து லாரிக்கு அடியில் படுத்தார். யூரியா டேங்குக்குப் போகிற ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போனார். இது பீச்சுவதற்குப் போகிற குழாய். இது திரும்பி வருகிற குழாய். இது சென்சார் வயர். பக்கத்தில் கட்டை விரல் பருமனில் இரண்டு ரப்பர் குழாய்கள். இவை எதற்கு? இத்தனை நாளில் இந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது. சேஸிஸ் ஓரமாகவே அந்தக் குழாய்களைப் பிடித்துக்கொண்டு முதுகால் நகர்ந்து போனார். அவை நேரே என்ஜினுக்குப் போய்ச் சேர்ந்தன.

முதுகில் மண்ணோடு ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றார். டாக்டரம்மா லேப்டாப்பில் ஒரு படத்தைத் திறந்து காட்டினாள்.

“குளிர் ஜாஸ்தியானா யூரியா உறைஞ்சு கட்டியாயிடும் அண்ணா. அதான் என்ஜினோட சூட்டுத் தண்ணிய இந்தக் குழாய்ல கொண்டுவந்து, டேங்குக்குள்ள ஒரு சுருள் வழியா சுத்தவிட்டுத் திருப்பி அனுப்புறாங்க.”

“டேங்குக்குள்ளயேவா?”

“உள்ளயேதான். அந்தச் சுருள்ல ஓட்டை விழுந்தா, ரேடியேட்டர் தண்ணி யூரியாவுல கலக்கும். நிறுத்தின பிறகும் சூடு ஆறுற வரைக்கும் அழுத்தம் இருக்கும், கசியும். நான் இத யோசிக்காம இல்ல. ஆனா உங்க வண்டியில அது இல்ல அண்ணா.”

“ஏன் இல்ல?”

“ரேடியேட்டர் தண்ணி குறையணுமே. குறைஞ்சா விளக்கு எரியும். உங்க வண்டியில அந்த விளக்கு எரிஞ்சதே இல்ல, கம்ப்யூட்டர்ல பார்த்துட்டேன். அப்புறம் ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட்டுக்குன்னு ஒரு கலர் இருக்கு, யூரியாவுல தெரியும். இது வெறும் தண்ணியால்ல இருக்கு?”

டர்போ மார்பை நிமிர்த்தினார். “என் வண்டியில ரேடியேட்டர் தண்ணி எப்படிக் குறையும்? தினம் காலையில நானே பார்த்து...”



“பார்த்து?” என்றாள் டாக்டரம்மா.

“ஊத்துறேன்.”

“என்ன ஊத்துறீங்க?”

“தண்ணி.”

“கூலன்ட்டா?”

“பைப்புத் தண்ணி.” டர்போவின் குரல் அவருக்கே கேட்கவில்லை. “கொஞ்சம் குறைஞ்சிருக்கும். கொஞ்சமா ஊத்துவேன். சூட்டுல ஆவியாப் போயிருக்கும்னு நினைச்சேன். பழைய வண்டியில அப்படித்தானே.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “கூலன்ட்ல துரு ஏறாம இருக்க மருந்து இருக்கு அண்ணா. வெறும் தண்ணிய ஊத்த ஊத்த அந்த மருந்தும் போச்சு, கலரும் போச்சு. சுருள் எதனால அரிச்சிருக்கும்னு...”

“எதனாலன்னு கேட்காதீங்கம்மா. யாராலன்னு கேளுங்க.”

மச்சான்மேல் சுமத்திய குற்றத்தில், விற்றான் என்பதைத் தவிர, ஒரு வார்த்தையைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. யூரியா டேங்கில் பைப்புத் தண்ணீர் ஊற்றிய ஆள் இருக்கத்தான் செய்தார். நாள் தவறாமல், தன் கையால், கண்ணாடியும் துடைத்துவிட்டு ஊற்றியிருக்கிறார். என்ன, வேறு மூடியைத் திறந்து ஊற்றியிருக்கிறார்.

அப்போதும் டர்போ கண்ணால் பார்க்காமல் விடுவாரா? டேங்கைக் கழற்றி இறக்கினார்கள். அதில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, சுருளின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் சைக்கிள் பம்பை வைத்து அவரே காற்றடித்தார். டாக்டரம்மா டார்ச்சை உள்ளே காட்டினாள். பஞ்சர் பார்க்கிற டியூபில் வருவதைப்போலக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. டர்போ அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன அழகான வேலை என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. இன்னொரு பக்கம் மச்சான் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போன சாவி கண்முன் வந்து நின்றது. வாழ்க்கையில் ஒரு பழுதைக் கண்டுபிடித்து அவர் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போனார். “வண்டிப் பேச்சு இல்ல. உன் தம்பியப் பத்தின பேச்சு,” என்று ஆரம்பித்து, எதையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள். சுவரில் சாய்ந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. தன்மேல் உள்ள கோபம் என்றே டர்போ நினைத்துக்கொண்டார்.

“அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப இங்க நின்னு என்ன பண்றீங்க?”

போகிற வழியில் தேநீர்க் கடை முன்னால் நின்றார். கேட்ட அதே ஆட்கள் பெஞ்சில் இருந்தார்கள். “என் மச்சான் தண்ணி ஊத்தல. நான்தான் ஊத்தினேன்,” என்று உரக்கச் சொல்லி, எப்படி என்றும் விளக்கினார். யாராவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றார். ஒருத்தரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, அவரவர் ரேடியேட்டரைத் திறந்து பார்க்கப் போனார்கள்.

டயர்க் கடை மாடியில் மச்சான் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தான். டர்போவைப் பார்த்ததும் அடுக்குவதை நிறுத்தவில்லை. அவர் வாசலிலேயே நின்று சொன்னார். பூட்டு, கம்பி, குழாய், குமிழி என்று ஆரம்பித்தவர், பாதியில் விட்டுவிட்டு, “தப்பு என்னுது. உன்னத் திருடன்னு சொன்னது அதவிடப் பெரிய தப்பு,” என்றார்.  

மச்சான் கையில் ஒரு சட்டையோடு நின்றான்.

“அந்தக் குழாய் டேங்குக்கு உள்ளயா போகுது?” என்றான்.

“உள்ளயேதான்! சுருளா!”

“நான் வெளிய ஒட்டினாப்புல போகும்னுல்ல நினைச்சேன். அப்ப சூட்டுத் தண்ணிய அடைக்கிற வால்வு எங்க இருக்கு?”

டர்போ உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, விரலால் காற்றிலேயே படம் போட்டுக் காட்டினார். மச்சான் குனிந்து கேட்டான். பிரஷர் எவ்வளவு, ஓட்டை எந்தப் பக்கம், டேங்கையே மாத்தணுமா, சுருளை மட்டும் மாத்தலாமா? கொஞ்ச நேரத்துக்கு அந்த அறையில் இரண்டு மெக்கானிக்குகள்தான் இருந்தார்கள். பிறகு கேள்வி தீர்ந்தது. மச்சான் நிமிர்ந்தான்.

“நீங்க கேட்டது எனக்குப் பெருசா வலிக்கல மாமா. உங்க வாய் எனக்குத் தெரியும். நீங்க கேட்டதும் அக்கா திரும்பி என்னைப் பார்த்தா. செஞ்சிருப்பானோன்னு பார்த்தா. ஒரு நிமிஷம்தான்.”

மனைவியின் கண் எதற்குக் கலங்கியது என்று டர்போவுக்கு அப்போதுதான் புரிந்தது. அதைச் சரிசெய்ய எந்தத் திருகும் இல்லை.

“அவ அப்படிப் பார்த்தது என் பேச்ச நம்பி,” என்றார். “அவ மேல வருத்தம் வைக்காத. கோபத்த என் மேல மட்டும் வை.”

“வச்சிருக்கேன்,” என்றான் மச்சான்.

கையிலிருந்த சட்டையை அவன் பைக்குள் வைக்கவில்லை, மாட்டிக்கொண்டான். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அறையைப் பூட்டினான். இருவரும் ஒர்க்‌ஷாப் வரைக்கும் நடந்தே போனார்கள். வழியெல்லாம் மச்சான் அந்தச் சுருளைப் பற்றி மட்டும்தான் பேசினான்.